முன்னால் பாதி, பின்னால் பாதி

உட்காருங்கள் சார், உங்கள் பை எனக்கு இடைஞ்சல் இல்லை. ஜன்னல் பக்கம் வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், தருகிறேன். நான் வெளியே பார்க்கப் போவதில்லை. பார்த்தால் அந்த வண்டி கண்ணில் பட்டாலும் படும். எனக்கு அதைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

எந்த வண்டி என்கிறீர்களா? மலைக்கு மேலே, செம்மேட்டில் இருக்கிறது. என் மச்சான் வையாபுரி வீட்டு வாசலில். மஞ்சள் நிறம். கூரை கிடையாது. இரண்டே சீட்டு. நான் அந்த வண்டிக்காகப் போகவில்லை. என் மனைவி பாவாயி அங்கேதான் இருக்கிறாள், அவளைக் கூட்டிக்கொண்டு வரப் போகிறேன். வந்தால் வண்டியோடுதான் வருவேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அது என் வாசலுக்கு வரக்கூடாது என்று நான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவ்வளவுதான் விஷயம். இதைப் போய் நாமக்கல் முழுக்கப் பேசுகிறார்கள்.

நான் யாரிடமும் வலியப் பேசுகிற ஆளில்லை. பார்த்தாலே தெரிந்திருக்கும். எட்டாவது வரைக்கும் படித்தேன், அதற்குப் பிறகு திருச்சி ரோட்டு எடைமேடையில் உட்கார்ந்தேன், எழுந்தபோது தலை நரைத்திருந்தது. லாரி மேடையில் ஏறும். எண் விழும். எழுதிக் கொடுப்பேன். லாரி இறங்கிப் போகும். யாரும் என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, நானும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. கோழித் தீவனமோ முட்டையோ கம்பியோ, எனக்கு எல்லாம் எண்தான். ஒரு பத்துக் கிலோ கூடக்குறைய எழுதினேன் என்று எவனும் சொன்னதில்லை.

வையாபுரி பாவாயியின் தம்பி. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறான், வீடு மட்டும் மலைமேலே. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கையில் நாலு காசு சேர்ந்தால் மற்றவர்கள் தோட்டம் வாங்குவார்கள், இவன் பெங்களூரில் யாரோ விற்கிறார் என்று போய் இந்த வண்டியை வாங்கி ஓட்டிக்கொண்டே வந்தான். வெளிநாட்டில் செய்தது. வந்தவன் நேராக எங்கள் வீட்டு வாசலில்தான் நிறுத்தினான். தெருவே கூடிவிட்டது. பாவாயி ஆரத்தி எடுத்தாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தவள், வண்டிக்குக் கீழே பார்த்துவிட்டு, இதற்கடியில் ஒரு பூனைகூடப் படுக்க முடியாதே என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. என்னவோ போல இருந்தது.

என்னையும் ஒரு ரவுண்டு வரச் சொன்னான். மாமா, மாமா என்று கையைப் பிடித்து இழுத்தால் என்ன செய்வது?

அதில் உட்காருவதே ஒரு கேவலம் சார். கதவைத் திறந்தால் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது சீட்டு. முதலில் ஒரு காலை உள்ளே நீட்ட வேண்டும், பிறகு இடுப்பை விட வேண்டும், பிறகு ஆண்டவனை நம்ப வேண்டும். விழுகிற இடம்தான் சீட்டு. கால் இரண்டும் முன்னால் நீட்டிக்கொண்டு கிடக்கும். பக்கத்தில் போகிற லாரியின் சக்கரம் நம் காதுக்கு நேராக வருகிறது. எத்தனை ஆயிரம் லாரி பார்த்தவன் நான், அதன் அடிவயிற்றை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவ்வளவு அழுக்கு.

கூரை வெறும் துணி. தலைக்கு மேலே ஒரு கொக்கி. அதைத் தட்டிவிட்டு ஒற்றைக் கையால் பின்னால் தள்ளினான், குடை மடங்குகிற மாதிரி மடங்கிப் போய் உட்கார்ந்துகொண்டது. கியர் கம்பி ஒரு சாண்கூட இல்லை. கையை ஆட்ட வேண்டாம், மணிக்கட்டை அசைத்தால் போதும், டக்கென்று தாழ்ப்பாள் விழுகிற மாதிரி விழுகிறது. இந்த பஸ் டிரைவரைப் பாருங்கள், ஒரு கியருக்கு எவ்வளவு பாடுபடுகிறார். அதில் ஒரு மரியாதை இருக்கிறது. அங்கே எந்தப் பாடும் இல்லை.

மோகனூர் ரோட்டில் ஐம்பதில் போனோம். முள்ளை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. ஐம்பதுதான். ஆனால் உடம்புக்கு அது தொண்ணூறாகத் தெரிகிறது. காற்று முகத்தில் அடிக்கிறது, ரோடு இடுப்பு வழியாக ஏறி வருகிறது, இஞ்சின் ஒவ்வொரு தடவை மூச்சு விடுவதும் கேட்கிறது. இது ஏமாற்று வேலை இல்லையா? ஐம்பதைத் தொண்ணூறாகக் காட்டியிருந்தால் என்னை எடைமேடையை விட்டுத் துரத்தியிருப்பார்கள். இதற்கு மட்டும் கொண்டாட்டம்.

வளைவு வந்தது. சாயப் போகிறது என்று பிடிமானம் தேடினேன். சாயவில்லை. ஆணி அடித்து வைத்தது போல அப்படியே திரும்பியது. பின்னாலிருந்து யாரோ இடுப்பில் கை கொடுத்துத் தள்ளிவிடுகிற மாதிரி இருந்தது. தள்ளுவது பின் சக்கரமாம். முன் சக்கரத்துக்குத் திரும்புகிற வேலை மட்டும்தானாம், வேறு எந்தச் சுமையும் அதன் தலையில் வைக்கவில்லையாம். வையாபுரி சொல்லிக்கொண்டே வந்தான். நான் இன்னொரு வளைவு வருமா என்று பார்த்தேன். பயத்தில்தான்.

ஊருக்குள் நுழைந்ததும்தான் பெரிய அசிங்கம். சிக்னலில் நின்றோம். பக்கத்தில் டவுன் பஸ். அத்தனை ஜன்னலும் நேராக என் வழுக்கைத் தலைக்கு மேலே. எடைமேடை அர்த்தநாரியா அது என்று ஒரு குரல் கேட்டது. ஒளிய இடமில்லை சார். எந்த வண்டியிலும் கூரை என்று ஒன்று வைப்பது வெயிலுக்கும் மழைக்கும் மட்டுமா? வீட்டுக்கு வந்ததும், இனி அதில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் வைக்க மாட்டேன் என்றதும் அந்தச் சீட்டு பாவாயிக்குப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமையானால் தம்பி வந்து ஹாரன் அடிப்பான். அக்கா தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு ஓடுவாள். முதலில் மோகனூர் வரை, பிறகு பரமத்தி, பிறகு காவிரிப் பாலம். திரும்பி வந்து எனக்குச் சோறு போடும்போது வண்டிப் பேச்சுதான்.

“ஏனுங்க, அது நெனச்ச பக்கம் போகுதுங்க” என்பாள்.

“எல்லா வண்டியும் திருப்புன பக்கம்தான் போகும்” என்பேன்.

“திருப்புன பக்கம் இல்லைங்க. நெனச்ச பக்கம்.”

ரசத்தை ஊற்று என்றேன்.

அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. பெண் பார்க்கப் போனபோதே அவள் அப்பா சொன்னார், உழவுக்கு டிராக்டர் ஓட்டுகிற பெண் என்று. கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஓட்டவில்லை. நான் தடுத்தேன் என்று என் மச்சான் சொல்லித் திரிகிறான். நான் ஒரு நாளும் தடுத்ததில்லை. எங்கள் வீட்டில் டிராக்டர் இல்லை, அவ்வளவுதான். மொபெட் இருந்தது. அது எனக்கு வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

இந்த வயதில் தம்பியின் பட்டறையில் பழகி லைசென்சும் எடுத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. லைசென்ஸ் வந்துவிட்டது என்று இட்லி வைக்கும்போது சொன்னாள். சட்னி உப்பு என்று நான் சொன்னேன். உப்பாகத்தான் இருந்தது.

காரவள்ளி அடிவாரம் தாண்டிவிட்டோமா? இனி வளைவுகள்தான். எழுபது. ஒவ்வொன்றுக்கும் பலகை வைத்திருப்பார்கள், நீங்கள் எண்ண வேண்டியதில்லை. முன் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சண்டை எதில் வந்தது என்றால், எடையில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வையாபுரி பானட்டைத் திறந்து காட்டினான். இரண்டு விரலால் தூக்கினான், அலுமினியத் தகடு. இஞ்சின் எங்கே இருக்கிறது பாருங்கள் மாமா என்றான். முன் சக்கரத்துக்கு மேலே இல்லை, அதற்கும் பின்னால் தள்ளி, வயிற்றுக்குள் வைத்திருக்கிறார்கள். எதற்கு என்றேன். ஆள் உட்கார்ந்தால் முன்னால் பாதி, பின்னால் பாதி, எடை சரிபாதியாக நிற்பதற்கு என்றான். அதனால்தான் வளைவில் அப்படித் திரும்புகிறது என்றான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது சார். சாதாரணமாக வராது. சரிபாதி என்ற வார்த்தையை இவ்வளவு லேசாகச் சொல்லக்கூடாது. நான் பார்த்த வண்டிகளில் ஒன்றுகூடச் சரிபாதி நின்றதில்லை. காருக்கு மூக்கு கனக்கும். சரக்கு ஏற்றிய லாரிக்குப் பின்பக்கம் கனக்கும். ஏதாவது ஒரு பக்கம் கனத்தால்தான் அது வண்டி. கொண்டு வா மேடைக்கு, பார்த்துவிடலாம் என்றேன்.

அவன் ஓட்ட, பாவாயி பக்கத்தில் உட்கார, நான் என் மொபெட்டில் பின்னால் போனேன். மேடையில் இப்போது இருப்பவன் சுப்பராயன், நான் பழக்கிவிட்ட ஆள். அந்த மேடை பத்துக் கிலோவுக்குக் கீழே காட்டாது, ஆனால் காட்டுகிற பத்து சுத்தமான பத்து.

முதலில் இருவரையும் இறங்கச் சொன்னேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் முன் சக்கரத்தை மட்டும் மேடையில் நிறுத்தினோம். ஐந்நூற்று நாற்பது. பிறகு பின் சக்கரத்தை மட்டும். ஐந்நூறு. பார் என்றேன். எங்கே சரிபாதி?

ஆள் இல்லாமல் எந்த வண்டி மாமா ஓடும் என்று சொல்லி வையாபுரி ஏறி உட்கார்ந்தான். முன்னால் ஐந்நூற்று எழுபது, பின்னால் ஐந்நூற்று ஐம்பது. அப்போதும் வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. போகலாம் என்று திரும்பினேன்.

“மாமா, பக்கத்து சீட்டு காலியா இருக்குதில்ல” என்றான்.

பாவாயி ஏறி உட்கார்ந்தாள். துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஏதோ போட்டோ எடுக்கப் போகிற மாதிரி. முன்னால் ஐந்நூற்றுத் தொண்ணூறு. நகர்த்தினார்கள். பின்னால் ஐந்நூற்றுத் தொண்ணூறு.

நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மறுபடி நகர்த்தச் சொன்னேன். அதே எண்.

சுப்பராயன் இருக்கிறானே, அவனுக்கு வாய் அதிகம். உங்கள் பேருக்கென்றே செய்த வண்டி போலிருக்கிறது அண்ணா, ஆண் பாதி பெண் பாதி என்றான். வையாபுரி சிரித்தான். பாவாயி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். அக்கா ஏறினால்தான் வண்டி வண்டியாகிறது என்றான் தம்பி. அப்போதும் அவள் என்னைத்தான் பார்த்தாள்.

நான் உள்ளதைச் சொன்னேன். இதில் ஆளுக்கு என்ன பெருமை, அந்த இடத்தில் அறுபது கிலோ இருக்க வேண்டும், அவ்வளவுதான், ஒரு தீவன மூட்டையை வைத்தாலும் வரும் என்றேன். இது கணக்கு. மேடைக்கு யார் என்று தெரியாது, எவ்வளவு என்றுதான் தெரியும். மேடை ஓரத்தில் கோழித் தீவன மூட்டைகள் கிடந்தன. இறங்கு பாவாயி, காட்டுகிறேன் என்றேன். இறங்கினாள். மூட்டையைத் தூக்கி அவள் சீட்டில் வைத்தோம். முன்னால் ஐந்நூற்றுத் தொண்ணூறு, பின்னால் ஐந்நூற்று எண்பது. பத்துக் கிலோ குறைகிறது. மூட்டை ஐம்பதுதானே? இன்னும் பத்துக் கிலோ போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி, சின்ன மூட்டை ஏதாவது இருக்கிறதா என்று தேடப் போனேன். இதில் என்ன தப்பு? எதைச் செய்தாலும் முழுசாகச் செய்ய வேண்டாமா?

திரும்பி வந்தபோது அவள் டிரைவர் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

“தம்பி, எறங்கு” என்றாள்.

அவன் இறங்கினான். அவள் ஏறினாள். மூட்டையின் மேலே பெல்ட்டை இழுத்து மாட்டினாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். நான் அந்தச் சின்ன மூட்டையோடு நின்றுகொண்டிருக்கிறேன்.

“இத்தனை நாளும் மூட்டையாத்தானுங்களே இருந்தேன்” என்றாள். “இனி மூட்டையே இருக்கட்டும்.”

போய்விட்டாள். முதல் கியர், இரண்டாம் கியர், நடுவே ஒரு உதறல் இல்லை. மேடையிலிருந்து இறங்கும்போது அடி தட்டும் என்று நினைத்தேன். குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக இறக்கினாள், தட்டவில்லை. சேந்தமங்கலம் பக்கமாக மஞ்சளாக ஒரு பொட்டு போனது, அப்புறம் அதுவும் இல்லை. சுப்பராயன் என்னைப் பார்க்காமல் எதையோ எழுதினான். எழுத அங்கே ஒன்றுமில்லை. அந்தத் தீவன மூட்டைக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

நேராக மலைக்குத்தான் போயிருக்கிறாள், தம்பி வீட்டுக்கு. ஆடியில் போனவள். இப்போது ஐப்பசி மழை பிடித்துவிட்டது. எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். அளவாகப் போடுகிறார்கள். ரேஷன் கடைத் தராசில் ஏறிப் பார்த்தேன், மூன்று கிலோ இறங்கியிருக்கிறது. அது வயதினால்.

வையாபுரி பஸ்ஸில் வருகிறான், பஸ்ஸில் போகிறான். தன் வண்டியைத் தூக்கி அக்காவிடம் கொடுத்துவிட்டான், கேட்டால் அது அவள் கைக்குத்தான் படிகிறது என்கிறான். போன வாரம் வந்து, அக்கா வண்டியோடு வருமாம், வாசலில் இடம் பண்ணி வைக்கச் சொன்னது என்றான். நான் இன்றைக்கு இந்த பஸ்ஸில் வருவதாகச் சொல்லி அனுப்பினேன். வந்து கூட்டிக்கொண்டு போகிறேன், வண்டி அங்கேயே நிற்கட்டும். நான் செய்வது அதிகமா சொல்லுங்கள். இந்த வயதில், இத்தனை வளைவில், நானாகத்தானே ஏறி வருகிறேன்?

வண்டி வாசலில் நின்றால் என்ன ஆகும் தெரியுமா? அவள் ஓட்டுவாள். ஓட்டினால் பக்கத்து சீட்டில் யார் உட்காருவது? ஊர் பார்க்கும். அவள் ஓட்ட, இவன் உட்கார்ந்து போகிறான் என்று. கூரையாவது இருந்தால் தலையைக் குனிந்துகொள்ளலாம்.

அங்கே என்ன பார்க்கிறீர்கள்? மேலேயா? எத்தனாவது வளைவு?

அதுதான் சார். மஞ்சள். அதுதான்.

தனியாகத்தான் வருகிறாள். பக்கத்தில் ஒன்றும் இல்லை. பார்த்தீர்களா, கீழே இறங்கி வருகிறாள். தானாகவே வருகிறாள். நான் சொன்னேன் அல்லவா? நான் மேலே போகத் தேவையே இல்லை போலிருக்கிறது.

இந்த வளைவைப் பாருங்கள். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டாள், உள்ளே வந்த பிறகு பிரேக் விளக்கு எரியவில்லை. கியரை இறக்கின சத்தம் இங்கே வரை கேட்கிறது. ஒரே கோடாகப் போட்டுக்கொண்டு வருகிறாள், கோலத்தில் இழுக்கிற மாதிரி. ஸ்டீயரிங்கைத் திருத்தவே இல்லை, ஒரு தடவைகூட. அடுத்ததையும் பாருங்கள். மறைந்துவிட்டது. இதோ வந்துவிடும். இதோ. பார்த்தீர்களா? சீ. என்ன பழக்கம் இது, மழை ஈரத்தில் கூரையைத் திறந்து போட்டுக்கொண்டு.

நிறுத்திவிட்டாள். அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டியிருக்கிறாள். எதற்கு இறங்குகிறாள்? பஸ்ஸுக்குக் கை காட்டுகிறாள். ஐயோ, டிரைவர் நிறுத்துகிறாரே. நிறுத்தாதீர்கள் என்று சொல்லுங்கள் சார், நான் சொன்னால் கேட்காது.

கண்டக்டருக்கு அவளைத் தெரிந்திருக்கிறது. என்னங்கக்கா, வண்டி பஞ்சரா என்று கேட்கிறார். அவள் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வருகிறாள். இளைத்திருக்கிறாளோ? இல்லை. கறுத்திருக்கிறாள். காற்றில் போனால் அப்படித்தான் ஆகும்.

கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள் சார். பார்த்துவிட்டாள்.

“கூட்டிட்டுப் போக வந்தீங்களா, கூட வர வந்தீங்களா?”

கேட்டீர்களா கேள்வியை? இத்தனை பேர் முன்னால். முன் சீட்டுப் பெண்பிள்ளைகள் எல்லாம் திரும்பிவிட்டார்கள். நான் என்ன சொல்ல வந்தேன் என்று உங்களுக்குத் தெரியும், உங்களிடம் அத்தனையும் சொல்லியிருக்கிறேன். இல்லை, நீங்கள் சொல்லாதீர்கள்.

கூட வர.

சொல்லிவிட்டேன் சார். சொன்னேன் அல்லவா? உங்களுக்குக் கேட்டது அல்லவா?

“கேக்கலைங்க” என்கிறாள்.

கண்டக்டர் வேறு. “பெரியவரே, சத்தமாச் சொல்லிப்போடுங்க, பின்னால வண்டி நிக்குது.”

கூட வரத்தான் வந்தேன், பாவாயி. கூட வரத்தான்.

இப்போது பஸ்ஸுக்கே கேட்டிருக்கும். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மேலே போகிறோமா கீழே போகிறோமா என்று கேட்டால், ஏறுங்க, அப்புறம் சொல்றேன் என்கிறாள். இப்படி யாராவது ஒரு இடத்துக்குக் கிளம்புவார்களா?

என் பையை எடுத்துக் கொடுங்கள். என் சீட்டு செம்மேடு வரைக்கும் இருக்கிறது, நீங்கள் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொள்ளுங்கள். வழி விடுங்கள் அம்மா. வருகிறேன் சார். இந்த பஸ்ஸின் கடைசிப் படிக்கும் கீழே இருக்கிறது அந்த வண்டியின் சீட்டு. ஒரு மனிதனை இந்த வயதில் எவ்வளவு கீழே இறங்கச் சொல்கிறார்கள், பாருங்கள்.